மலையில் வேலை, தீவில் பூட்டு

பண்டாரவளையில் ஒரு வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ஐரோப்பாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற கொம்பனிக்கு வேலை செய்கிற பிள்ளைகள் எங்கள் சொந்தங்களுக்குள்ளும் இப்போது உண்டு. கொரோனாக் காலத்தில் தொற்றிக்கொண்ட பழக்கம் இது. மடிக்கணினியும் அறுந்து போகாத இணைய இணைப்பும் இருந்தால் போதும். காலையில் பனிமூட்டம், பகலிலும் மின்விசிறி வேண்டாத குளிர், பின்னேரம் தேயிலைக்கு நடுவே ஒரு நடை. எல்ல, ஹப்புத்தளை, நுவரெலியா என்று மாதத்துக்கு ஓர் ஊராக மாறி இருப்பவர்களும் இருக்கிறார்கள். "ஏன் தம்பி, வேலணையில அம்மம்மாவின்ர வீடு சும்மாதானே கிடக்கு, அங்க இருந்து செய்யலாமே?" என்று கேட்டால் பதில் ஆயத்தமாக இருக்கும். "அங்க இருக்கேலுமே மாமா? ஒரே வெக்கை. கிணத்துத் தண்ணி உப்பு. ஆறு மணிக்குப் பிறகு ஒழுங்கையில ஒரு சனமில்லை."

மூன்றும் உண்மை. வெக்கை சூரியனால் வந்தது. மற்ற இரண்டில் எங்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதைத்தான் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. "நாங்கள்" என்று சொல்வது ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என்று விலாசம் சொல்லிக்கொண்டு கொழும்பிலும் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் குடியிருக்கிற எங்களை. தீவில் இன்றைக்கும் அடுப்பு மூட்டுகிறவர்களை இந்த "நாங்கள்" அடக்காது. அவர்கள் ஒப்புக்கொள்ள எதுவும் இல்லை.

தூர இருந்து உழைப்பது எங்களுக்குப் புதிதல்ல. மடிக்கணினிக்கு முன்னால் மணியோடர் இருந்தது. எங்கள் பாட்டன்மாரில் ஒரு பகுதியினர் மலாயாவுக்குக் கிளாக்கர் வேலைக்குப் போனார்கள். கப்பலேற வசதியில்லாதவர்கள் ரயிலேறினார்கள். மலைநாட்டு ரயில்பாதை 1885இல் நானுஓயாவைத் தொட்டது, 1924இல் பதுளையில் போய் முடிந்தது. அந்தப் பாதை நெடுகிலும் முளைத்த கடைத்தெருக்களில் யாழ்ப்பாணத்தார் கடைகள் இருந்தன, அவற்றுள் தீவார் கடைகள் கணிசம். பலசரக்கு, சுருட்டு, சைவச் சாப்பாட்டுக் கடை. மீசை முளைக்காத பொடியனை மாமன் ஒருவர் கூட்டிக்கொண்டு போவார். பகலில் பொட்டலம் கட்டுவான், இரவில் கடைப் பலகையிலேயே சாக்கைப் போர்த்திக்கொண்டு படுப்பான். பத்து வருடத்தில் கணக்குக் கொப்பி அவன் கைக்கு வரும், இன்னும் கொஞ்சக் காலத்தில் தனிக்கடை. குடும்பம் மட்டும் தீவில்தான். நயினை அம்மன் ஆனித் திருவிழாவுக்கும் தைப்பொங்கலுக்கும் வந்து போவார். வருடத்தின் மிச்ச நாட்களில் கிணறு, மாடு, பனை, காணி வழக்கு எல்லாவற்றையும் பார்த்தவள் மனைவி.

வேலணையிலும் புங்குடுதீவிலும் தூண் வைத்த பழைய கல்வீடுகளில் பல அந்தக் கடைகள் கட்டியவை. கடைகளுக்கு அந்தக் காசு வந்தது எங்கிருந்து? கொழுந்து பறித்த கைகளிலிருந்து. தோட்டத்தில் சம்பளநாள் வரும்வரை கடனுக்கு அரிசியும் கருவாடும் கொடுத்தோம், சம்பளநாளில் கொப்பியைத் திறந்தோம். வியாபாரம் என்றால் அப்படித்தான், அதில் குற்றமில்லை. நேர்மையான கடைக்காரர் நிறையப் பேர் இருந்தார்கள். கேடு வேறு இடத்தில் இருந்தது. அதே மலையில், அதே மொழி பேசி, ஒரே மாரியம்மன் தேருக்கு வடம் பிடித்துக்கொண்டு முப்பது நாற்பது வருடம் இருந்தும், கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களை எங்கள் ஆட்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. வீட்டில் அவர்களைக் குறிக்க நாங்கள் வைத்திருந்த சொல்லை இங்கே எழுதக் கூசுகிறது. எங்கள் வயதுக்காரருக்கு அது தெரியும்.

1948இல் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது, தொடர்ந்து 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். இரண்டும் சேர்ந்து மலையகத்தின் பெரும்பான்மைத் தமிழரை நாடற்றவராக்கின. முதல் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த ஜி. ஜி. பொன்னம்பலம், அமைச்சரான பிறகு இரண்டாவதை ஆதரித்தார். அதைக் கண்டித்து அவருடைய கட்சியிலிருந்து பிரிந்தவர்கள் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். இந்த வரலாற்றை நாங்கள் மேடையில் இருதரப்பாக நின்று நன்றாகவே பேசுவோம். கடைத்தெருவில் நின்ற நாங்கள் அப்போது என்ன செய்தோம் என்பதை மட்டும் பேசமாட்டோம். 1947 தேர்தலில் மலையகத் தமிழர் தங்கள் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1952இல் வாக்குரிமை பறிபோன அந்தச் சனத்தின் கட்சியால் ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை. எங்கள் கடைகள் வழக்கம்போல ஆறு மணிக்குத் திறந்தன. 1964 ஒக்ரோபரில் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று கையெழுத்திட்டார்கள். சனம் பெட்டி கட்டியபோது கொப்பியில் நின்ற பாக்கிதான் எங்களில் பலருக்கு முதல் கவலை.

ஆசிரியர்களாகப் போனவர்களும் இருந்தார்கள். சிலர் அங்கேயே வேரூன்றி, இன்றைக்கும் பெயர் சொல்லும் மாணவர்களை உருவாக்கினார்கள். மிச்சப்பேர் முதல் நியமனம் கிடைத்த நாளிலிருந்து இடமாற்றத்துக்கு ஆள் பிடித்தார்கள். போகும்போது வெறுங்கையோடு போகவுமில்லை. யாழ்ப்பாணத்து வீடுகளில் முற்றம் கூட்டவும் பிள்ளை தூக்கவும் தோட்டத்து லயத்திலிருந்து கொண்டுவந்த பத்து வயதுப் பிள்ளைகள் நின்றார்கள். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக, அந்தப் பிள்ளைகள் அவர்களின் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவினார்கள். இதை நாங்கள் கொடுமை என்று நினைக்கவில்லை, தருமம் என்று நினைத்தோம். "சாப்பாடு போட்டு வளர்க்கிறம்" என்று வெளியில் சொல்லிக்கொண்டோம்.

கரம்பொன் என்ற சிறிய ஊர் இரண்டு பேரைத் தந்தது. ஒருவர் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தவர், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கூடக் காரணமானவர். அவர் பெயரைச் சொல்லாமல் எங்கள் ஊர்ச்சங்கக் கூட்டம் எதுவும் முடிவதில்லை. மற்றவர் 1924இல் பிறந்த கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட். டொக்டர் இராஜசுந்தரத்தோடு சேர்ந்து காந்தீயம் இயக்கத்தை நடத்தினார். 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்ட குடும்பங்களுக்கு வவுனியாப் பக்கம் நிலமும் பாலர் பாடசாலையும் மருந்தும் கொடுத்த இயக்கம் அது. 1983 ஏப்ரலில் இருவரையும் பிடித்து அடைத்தார்கள். அந்த ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் மட்டக்களப்புச் சிறை உடைப்பில் தப்பி, முப்பது வருடமளவில் சென்னையில் வாழ்ந்து, 2015இல் கிளிநொச்சியில் கண்மூடினார். கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்காகத் தன் தொழிலையும் வாழ்வையும் தூக்கிக் கொடுத்த தீவார் அவர். எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? அவரை மறந்துபோனோம் என்றுகூடச் சொல்ல முடியாது. மறக்கிறதற்கு முதலில் நினைத்திருக்க வேண்டும்.

அதே 1983 ஜூலையில் பதுளையிலும் நுவரெலியாவிலும் கண்டியிலும் எங்கள் கடைகள் எரிந்தன. பாட்டன் தொடங்கியது பேரன் கையில் சாம்பலானது. எரிந்த கடைக்காரர் பலருக்குத் தீவுக்குத் திரும்பவும் ஏழு வருடம்தான் கொடுத்துவைத்திருந்தது. 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவுப் பகுதிக்குள் இறங்கியது. மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடித்துக்கொண்டு போன இளைஞர்கள் திரும்பவில்லை. சனம் வள்ளத்திலும் கால்நடையாகவும் வெளியேறியது. கதையின் இந்தப் பகுதிக்கு நாங்கள் பொறுப்பல்ல. வீடு காலியானதற்கு ஷெல்லும் காவலரணும் காரணம். ஆனால் போர் 2009இல் முடிந்தது, பாதை திறந்தது, பண்ணைத் தாம்போதியால் பஸ் ஓடுகிறது. அதற்குப் பிறகும் காலியாகவே கிடப்பதற்கு யார் காரணம் என்று கேட்டால் மட்டும் நாங்கள் 1990ஐக் காட்டுகிறோம்.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். தீவுகளின் அடியில் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதில் இறங்கி, கனமான உவர்நீருக்கு மேலே மெல்லிய வில்லையாக மிதந்து நிற்கும். அதை அளவாக அள்ளினால் நன்னீர், மோட்டர் பூட்டி உறிஞ்சினால் அடியிலிருந்து உப்பு ஏறும். இது தெரிந்துதான் முன்னோர் குளமும் கேணியும் துரவும் வெட்டி, மழை கடலுக்கு ஓடாமல் மறித்தார்கள். ஆடு மாட்டுக்கு வழியோரம் தண்ணீர்த் தொட்டியும் ஆவுரோஞ்சிக் கல்லும் வைத்தார்கள். மாரிக்கு முன் கிணறு இறைத்துச் சேறு அள்ளுவது ஊர் வேலை. ஆள் போனதும் குளம் தூர்ந்தது, வாய்க்காலின் மேல் எங்கள் மதில் ஏறியது. கனடாக் காசில் கட்டிய மதில், உள்ளே குடியிருக்க ஆளில்லாத மதில். இன்றைக்குப் புங்குடுதீவில் பவுசர் வரும்வரை குடத்தோடு காத்துநிற்கிறார்கள். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் பெரிய ஆலையை 2024இல் திறந்தார்கள். கடலைக் குடிநீராக்க அரசாங்கம் கோடிக்கணக்கில் செலவழிக்கிறது. மழையைத் தேக்க எங்களுக்கு ஒரு மண்வெட்டி போதுமாயிருந்தது.

தண்ணீர் நன்றாக இருந்த காலத்திலும் அதை எல்லோருக்கும் கொடுத்தோமா என்றால் அதுவும் இல்லை. 1971இல் புங்குடுதீவில் கோயிலின் நன்னீர்க் கிணற்றில் தாழ்த்தப்பட்ட சனம் அள்ளக்கூடாதென்று தடுத்தது வெளியூர்க்காரன் அல்ல. அந்தச் சனத்தோடு நின்ற எழுத்தாளர் மு. தளையசிங்கம் பொலிஸில் அடிபட்டார், 1973இல் நாற்பது வயதுகூட ஆகாமல் இறந்தார். இப்போது அவருடைய நூல்களைப் பதிப்பித்துக் கருத்தரங்கு வைக்கிறோம், நல்ல விஷயம்தான். அந்தக் கிணற்றைக் காத்து நின்றவர்கள் எங்கள் பெரியப்பாக்கள் என்பதைக் கருத்தரங்கில் யாரும் வாசிப்பதில்லை.

மின்சாரக் கதை இன்னும் சுவாரசியம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் நாட்டின் மின்கட்டமைப்போடு இணையாதவை, டீசல் இயந்திரத்தில் ஓடுகிறவை. அங்கே காற்றாலும் சூரிய ஒளியாலும் மின்சாரம் எடுக்கும் திட்டத்தை 2021 ஜனவரியில் சீனக் கூட்டு நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்தார்கள். இந்தியா முறைத்தது. அந்த வருடம் முடியுமுன் சீனத் தரப்பு வேலையை நிறுத்தியது. 2022 மார்ச்சில் இந்தியா மானியமாகச் செய்து தருவதாகப் பேசி, 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தமானது. மூன்று தீவுக்கும் சேர்த்துச் சூரிய ஒளியில் 1,700 கிலோவாற், காற்றில் 530 கிலோவாற். அந்த வருடங்களில் புலம்பெயர் வானொலிகளில் எங்கள் ஆய்வாளர்கள் பேசாத பேச்சில்லை. சீனாவின் முத்துமாலை, இந்தியாவின் கொல்லைப்புறம், இந்து சமுத்திரம் எல்லாம் வந்தன. நயினாதீவில் இரவில் படிக்கிற பிள்ளைக்கு எத்தனை மணிக்குக் கறண்ட் போகிறது என்ற செய்தி வரவில்லை. இரண்டு வல்லரசுகள் எங்கள் மூன்று தீவுக்கு விளக்கேற்றப் போட்டி போட்டபோது நாங்கள் பார்வையாளர் வரிசையில் இருந்தோம். அதே காலத்தில் எங்கள் சங்கங்கள் கோபுரம் கட்டக் காசு சேர்த்தன, கும்பாபிஷேக மலரைப் பளபளப்பான தாளில் அச்சடித்தன.

கோபுரம் வேண்டாமென்று சொல்லவில்லை. அம்மனுக்குச் செய்வது அம்மனுக்குத்தான். ஆனால் திருவிழா முடிந்த மறுநாள் குறிகட்டுவான் துறையில் நின்று பார்த்தால் தெரியும். வள்ளம் நிறையப் பயணப்பெட்டிகளோடு நாங்கள் இந்தப் பக்கம் இறங்குவோம். அந்தப் பக்கம் போக நிற்பவர்கள் நெடுந்தீவு ஆசிரியர்களும், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியால் திரும்புகிற கிழவிகளும். நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலக் கடல். சோளகம் கிளம்பிவிட்டால் அந்த ஒரு மணித்தியாலத்தில் வயிற்றில் இருப்பது வெளியே வரும். நோயாளியை அந்தக் கடலில் கொண்டுவர நல்லதொரு படகு வேண்டுமென்பது நெடுந்தீவாரின் நெடுநாள் கோரிக்கை. அதற்கு ஒரு சங்கம் கணக்குத் திறந்தால் காசு சேரச் சுணங்கும், மண்டபத்துக்கு மாபிள் பதிக்கிறதென்றால் ஒரு கிழமையில் சேரும்.

ஆளில்லா வளவுகளைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடமுடியாது. 2015 மே மாதம் புங்குடுதீவில் பள்ளிக்கூடம் போன மாணவி ஒருத்தி வழிமறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டாள். பற்றை மண்டிய ஆளில்லாத இடத்தில் அவளைக் கண்டெடுத்தார்கள். நாடே கொதித்தது, நாங்களும் ரொறன்ரோவில் மெழுகுவர்த்தி ஏந்தினோம். குற்றவாளிகளுக்குத் தண்டனை கிடைத்தது. அவள் கத்தியிருந்தால் கேட்கக்கூடிய தூரத்தில் எத்தனை வீடுகள் பூட்டிக் கிடந்தன, அவை யாருடையவை என்று அன்றைக்கு ஒருவரும் எங்களைக் கேட்கவில்லை. நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு எத்தனை பேர் வளவு துப்புரவாக்க ஆள் விட்டோம்?

இன்றைக்குத் தீவில் இருப்பவர்கள் யார்? பெரும்பாலும் விசா எடுக்க, ஏஜென்சிக்குக் கட்டக் காசில்லாதவர்கள், அவர்களிலும் முன்னொரு காலத்தில் நாங்கள் கிணற்றடிக்கு விடாத குடும்பங்கள் ஏராளம். எங்கள் காணியில் கொட்டில் போட்டு, எங்கள் பனையில் ஒடியல் காயவைத்து, எங்கள் வீட்டுக்குக் காவலாகவும் இருக்கிறார்கள். அந்த வளவில் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை ஏ.எல். படிக்கிற வயதுக்கு வந்தும், காணி உறுதி அவர்கள் பெயரில் இல்லை. உறுதி இல்லாவிட்டால் வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்பிப்பது பாடு, கடன் எடுப்பதும் பாடு. நாங்களோ தோம்புக் காலத்திலிருந்து வந்த பங்கு என்று சொல்லி, எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று ஸ்கார்பரோவில் அண்ணன் தம்பி வழக்காடிக்கொண்டிருக்கிறோம். வித்துப் பணமாக்கவும் மாட்டோம், வந்து இருக்கவும் மாட்டோம். "பரம்பரைக் காணி, கைவிடக்கூடாது" என்போம். கைவிட்டு முப்பத்தைந்து வருடமாகிறது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் பிளந்தபோது மண்சரிவில் லயங்களும் புதைந்தன. இடமில்லாமல் நிற்கிற தோட்டச் சனம் வடக்குக்கு வரலாமே என்ற பேச்சு அப்போது எழுந்தது. உடனே எங்கள் முகநூல் பக்கங்களில் வரவேற்பு மழை. அந்த மழை பொழிந்தவர்களில் தன் காணியில் இரண்டு பரப்பு தருகிறேன் என்று சொன்னவரை விரலில் எண்ணலாம். தண்ணீரில்லாத தீவில் கொண்டுவந்து இன்னொரு சனத்தை இருத்துவது உதவியல்ல, தண்டனை. முதலில் குளத்தைத் திருத்தவேண்டும் என்று சொல்கிறவர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் குளத்தைத் திருத்தாமல் இருந்ததும் நாங்கள், அதையே இப்போது காரணமாகக் காட்டுவதும் நாங்கள்.

பண்டாரவளையிலிருந்து வேலை செய்கிற பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொன்னால் கொஞ்சம் யோசிப்பார்கள். அவர்கள் தங்கியிருக்கிற வீட்டு ஜன்னலிலிருந்து லயம் தெரியும். அந்த லயத்துப் பிள்ளைக்கு வார இறுதியில் கணினி சொல்லிக்கொடுக்க நேரம் ஒதுக்குகிற ஒன்றிரண்டு பேரும் இருக்கிறார்கள். அவர்களின் தாத்தாமார் நாற்பது வருடத்தில் அந்த அளவுக்குக்கூடப் போகவில்லை. வருடத்தில் தை, மாசி இரண்டு மாதம் தீவிலும் வெக்கை கிடையாது. வாடைக்காற்று இதமாக வீசும். சிக்னலும் எட்டுகிறது. அந்த இரண்டு மாதத்தையாவது அம்மம்மாவின் வீட்டில் இருந்து வேலை செய்து பார்க்கலாம். ஒரு வீட்டில் இரவு விளக்கெரிந்தால் அந்த ஒழுங்கையால் போகிற பெண்பிள்ளைக்குப் பயம் ஒரு மடங்கு குறையும்.

எங்கள் தலைமுறைக்கு அதைவிடச் சுலபமான வேலை ஒன்று உண்டு. வருகிற ஆனித் திருவிழாவுக்கு நயினாதீவு போகிறவர்கள் பெட்டியில் பட்டு வேட்டியோடு காணி உறுதியையும் எடுத்து வையுங்கள். தேர் முடிந்ததும் ஒரு நாள் கூடத் தங்கி நொத்தாரிசிடம் போங்கள். இருபது, முப்பது வருடமாக உங்கள் வளவில் இருக்கிற குடும்பத்தின் பெயருக்கு அவர்கள் இருக்கிற அந்த இரண்டு பரப்பை எழுதிக் கொடுங்கள். வளவில் கிணறு இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.